டெக் செய்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன் சரிபார்ப்பது எப்படி

2025 ஜனவரி 27 அன்று ஏஐ சிப் தயாரிக்கும் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. சந்தை மதிப்பில் சுமார் 58,900 கோடி டாலர் குறைந்தது. அன்று உலகம் முழுக்கச் சுற்றிய செய்தி இதுதான்: சீனாவின் டீப்சீக் நிறுவனம் வெறும் 56 லட்சம் டாலரில் சாட்ஜிபிடிக்குப் போட்டியை உருவாக்கிவிட்டது. அந்த எண் புதிதல்ல. ஒரு மாதம் முன்பே, 2024 டிசம்பர் கடைசியில் வெளியான ஆய்வறிக்கையின் முதல் அட்டவணையிலேயே இருந்தது. எந்தச் செலவெல்லாம் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் அங்கேயே எழுதியிருந்தார்கள்.

அந்தச் செய்தியைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. எண் சரிதான், அது எதற்கான எண் என்பது மட்டும் வழியில் கழன்று விழுந்துவிட்டது. டெக் செய்திகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். அப்பட்டமான பொய் குறைவு. எல்லை தொலைந்த எண்களும் கட்டம் மாறிய அறிவிப்புகளும்தான் அதிகம். அதனால் ஒரு செய்தியைப் பகிரும் முன்போ அதைப் பற்றி எழுதும் முன்போ மூன்றைத் தேடிப் பிடித்தால் போதும்: மூல ஆவணம், எண்ணின் எல்லை, வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. பழகிவிட்டால் கால் மணி நேர வேலை.

மூல ஆவணத்தைப் பிடிப்பது

ஏறக்குறைய எல்லா டெக் செய்திக்கும் அடியில் ஒரு ஆவணம் இருக்கும். செய்திக்குள் இருக்கும் இணைப்பைத் தட்டுங்கள்; அது இன்னொரு செய்தித் தளத்துக்குப் போனால் அங்கிருந்தும் தட்டிக்கொண்டே போங்கள். இணைப்பே இல்லையென்றால், செய்தியில் மேற்கோளாக வந்த வாக்கியத்தில் ஏழெட்டுச் சொற்களை அப்படியே இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் இருந்து வந்த செய்தி என்றால் ஆங்கிலத்திலேயே தேட வேண்டும். தேடல் முடிவைத் தேதி வாரியாகப் பார்த்தால் எது முதலில் வந்தது என்று தெரியும். பத்துத் தளங்களில் ஒரே வாக்கியம் இருந்தால் அது பத்து ஆதாரம் ஆகாது. ஒரே செய்திக்குறிப்பைப் பத்துப் பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

எந்த வகைச் செய்திக்கு எங்கே போவது என்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளம்: 10-கே ஆண்டறிக்கை, 10-க்யூ காலாண்டறிக்கை, முக்கிய நிகழ்வு நடந்தால் நான்கு வேலை நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டிய 8-கே. இந்திய நிறுவனம் என்றால் என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் நிறுவன அறிவிப்புகள் பகுதி. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் உள்ள நிறுவனங்கள், தங்களைப் பற்றி முக்கிய ஊடகங்களில் வந்த வதந்தியால் பங்கு விலை குறிப்பிடத்தக்க அளவு நகர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வேண்டும். அந்த விளக்கக் கடிதம் பெரும்பாலும் ஒரே பக்கம். பல நேரம் செய்தியைவிடத் தெளிவாக இருக்கும். மத்திய அமைச்சரவை முடிவுக்கு அரசின் செய்திப் பிரிவான பிஐபி, சட்டத்துக்கும் விதிகளுக்கும் அரசிதழ், தொலைத்தொடர்புக்கு அதன் ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மாத அறிக்கை, மென்பொருள் பாதுகாப்பு ஓட்டைக்கு சிவிஇ (ஒவ்வொரு ஓட்டைக்கும் தனி எண் தரும் பொதுப் பட்டியல்) பதிவு, ஏஐ மற்றும் இயற்பியல் ஆய்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் ஏறும் ஆர்க்சிவ் தளம்.

நிறுவனத்தின் செய்திக்குறிப்பு கிடைத்தால் அதைக் கீழிருந்து மேலே படிப்பது நல்லது. தலைப்பும் முதல் இரண்டு பத்திகளும் விற்பதற்காக எழுதப்பட்டவை. அடிக்குறிப்புகளும், எதிர்காலக் கூற்றுகள் குறித்த எச்சரிக்கைப் பத்தியும் வழக்கறிஞர்கள் பார்த்து அனுப்பியவை. "உள் சோதனையின் அடிப்படையில்", "ஆய்வக நிலையில்", "ஒழுங்குமுறை ஒப்புதலுக்கு உட்பட்டு" போன்ற சொற்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 2023 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட ஜெமினி அறிமுகக் காணொளியில், பேசப் பேச ஏஐ உடனுக்குடன் பதில் சொல்வதுபோல் தெரிந்தது. தாமதம் குறைக்கப்பட்டது, பதில்கள் சுருக்கப்பட்டன என்று காணொளியின் விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். உண்மையில் அது நேரடி உரையாடல் அல்ல, அசையாப் படங்களும் எழுத்துக் கேள்விகளும் கொடுத்து வாங்கிய பதில்கள் என்பது அடுத்த நாட்களில் தெரிந்தது.

மூல ஆவணம் கிடைத்ததும், இணையப் பக்கங்களை நகலெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். நிறுவனங்கள் சத்தமில்லாமல் பக்கத்தைத் திருத்துவது சாதாரணம். பிறகு உங்கள் கையில் சான்று இருக்காது.

எண்ணின் எல்லை: டீப்சீக் அட்டவணையை வைத்து ஒரு பயிற்சி

முதலில் சொன்ன ஆய்வறிக்கை டீப்சீக்-வி3 என்ற ஏஐ மாடலைப் பற்றியது. அதன் அட்டவணையில் மூன்று வரிகள். முதன்மைப் பயிற்சிக்கு 26.64 லட்சம் ஜிபியு மணி (ஏஐ கணக்குகளைச் செய்யும் ஒரு ஜிபியு சிப் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஜிபியு மணி). நீண்ட உரையைக் கையாளப் பழக்குவதற்கு 1.19 லட்சம். கடைசிக்கட்டப் பயிற்சிக்கு 5,000. கூட்டினால் 27.88 லட்சம் மணி. ஒரு எச்800 ஜிபியுவின் வாடகை மணிக்கு 2 டாலர் என்று அவர்களே வைத்துக்கொண்ட அனுமானத்தால் பெருக்கினால் 55.76 லட்சம் டாலர். செய்தியில் வந்த 56 லட்சம் இதுதான்.

இந்த எண்ணை நம்பலாமா? அதையும் சோதிக்க முடியும். 2,048 ஜிபியுக்களில் பயிற்சி நடந்ததாக அறிக்கை சொல்கிறது. 27.88 லட்சத்தை 2,048-ஆல் வகுத்தால் சுமார் 1,361 மணி, அதாவது 57 நாள். முதன்மைப் பயிற்சி இரண்டு மாதத்துக்குள் முடிந்தது என்ற அவர்கள் கூற்றோடு பொருந்துகிறது. ஆக, உள்ளே முரண் இல்லை. இது எண் உண்மை என்பதற்கான நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் முரண் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கலாம்.

எல்லை எங்கே? இந்தக் கணக்கு கடைசியாக ஓடிய அதிகாரப்பூர்வப் பயிற்சிக்கு மட்டும்; அதற்கு முன் நடந்த ஆய்வு, வடிவமைப்பிலும் தரவிலும் செய்து பார்த்த சோதனைகள் ஆகியவற்றின் செலவு சேரவில்லை என்று அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. சம்பளம் இல்லை. ஜிபியு வாங்கிய விலை இல்லை, வாடகை மதிப்புதான். இன்னொன்று: 2025 ஜனவரி 20-ல் வெளியாகிப் பரபரப்பானது ஆர்1 என்ற மாடல். எண்ணோ அதற்கு அடித்தளமான வி3-க்கு உரியது. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை ஆர்1-இன் கூடுதல் பயிற்சிக்கு 2.94 லட்சம் டாலர் என்றபோது, மறுபடியும் அதே கோளாறு: அடித்தள மாடலின் செலவை விட்டுவிட்டு, மொத்த ஏஐயும் 3 லட்சம் டாலருக்குள் முடிந்ததுபோல் தலைப்புகள் வந்தன.

இத்தனையும் பார்த்த பிறகும் டீப்சீக் செய்தது பெரிய காரியம்தான். குறைந்த கணினித் திறனில் அந்தத் தரத்தை எட்டியதற்கான பொறியியல் அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கிறது. சரிபார்ப்பது யாரையும் மட்டம் தட்டுவதற்காக அல்ல. எதைப் பாராட்ட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிகிறது.

இதே கேள்வியை மற்ற எண்களிடமும் கேளுங்கள். ஏஐ மாடல் தரவரிசையில் இரண்டாம் இடம் என்றால், வரிசையில் ஏறியதும் மக்கள் கைக்கு வந்ததும் ஒரே பதிப்பா? 2025 ஏப்ரலில் மெட்டாவின் லாமா 4 மேவரிக் மாடல், பயனர்களின் வாக்கில் மாடல்களை வரிசைப்படுத்தும் எல்எம்அரீனா பட்டியலில் மேலே ஏறியது. ஏறியது உரையாடலுக்கென்று தனியாக மெருகேற்றிய சோதனைப் பதிப்பு. பொதுவில் வெளியிட்ட பதிப்பைச் சேர்த்தபோது அது வெகு கீழே நின்றது. மின்வாகனம் ஒரு சார்ஜில் 600 கிலோமீட்டர் ஓடும் என்றால், எந்தச் சோதனை முறையில்? சீனாவின் சிஎல்டிசி முறையில் வரும் எண் ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி முறையில் குறையும், அமெரிக்காவின் இபிஏ முறையில் இன்னும் குறையும். பேட்டரியில் ஒரு கிலோவுக்கு இத்தனை வாட்-மணி என்றால், தனி செல்லுக்கா, உறை, குளிரூட்டும் அமைப்பு எல்லாம் சேர்ந்த முழு பேக்குக்கா? ஐபோன் இந்தக் காலாண்டில் இத்தனை கோடி விற்றது என்றால், அது கட்டாயம் வெளியார் மதிப்பீடு. ஆப்பிள் எத்தனை கருவி விற்றது என்று சொல்வதையே 2018 நவம்பரில் நிறுத்திவிட்டது. ஐடிசி, கவுண்டர்பாயின்ட் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் தருவதில் பெரும்பாலானவை கடைகளுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் அனுப்பிய எண்ணிக்கை, வாடிக்கையாளர் கைக்குப் போனது அல்ல. கிடங்கில் சரக்கு தேங்கும் காலாண்டில் இரண்டும் நன்றாகவே விலகும். மொபைல் சந்தாதாரர் எண்ணிக்கை வந்தால் டிராய் அறிக்கையில் அடுத்த அட்டவணைக்குப் போய், விஎல்ஆர் எனப்படும் செயலில் உள்ள இணைப்புகளைப் பாருங்கள். மேசை இழுப்பறையில் தூங்கும் இரண்டாவது சிம் எல்லாம் மொத்த எண்ணிக்கையில் இருக்கும், இதில் இருக்காது.

தமிழில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் மாற்றுக்கணக்கு. ஒரு மில்லியன் 10 லட்சம். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. ரூபாய்க்கு மாற்றும்போது முதலில் டாலரிலேயே கோடிக்குக் கொண்டுவந்து, பிறகு அன்றைய மதிப்பால் பெருக்குங்கள். டாலர் 85 ரூபாய் என்றால் ஒரு பில்லியன் டாலர் 8,500 கோடி ரூபாய். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் பத்து மடங்குப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும். சந்தை மதிப்பு குறைவதை "நிறுவனத்துக்கு நஷ்டம்" என்று எழுதாதீர்கள். என்விடியாவின் கல்லாவிலிருந்து அன்று ஒரு டாலரும் போகவில்லை.

கட்டம்: கையெழுத்தா, கட்டடமா, சரக்கா?

தொழிற்சாலை முதலீட்டுச் செய்திகளில் ஏமாற்றம் அதிகம், காரணம் எளிது. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாத தாள். அதற்குப் பிறகு விண்ணப்பம், அரசின் ஒப்புதல், நிலம், அடிக்கல், கட்டடம், இயந்திரம் பொருத்துதல், சோதனை ஓட்டம், வாடிக்கையாளர் தர ஒப்புதல், வணிக உற்பத்தி என்று படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்கிறது என்று குறிக்காமல் தொகையை மட்டும் எழுதுவது அரைச் செய்தி. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்ததும் ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகைதான். அதில் ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகத்தான் பின்தொடர முடியும்.

இரண்டு பழைய நிகழ்வுகளைக் கையில் வைத்திருங்கள். 2017-ல் ஃபாக்ஸ்கான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று அறிவித்தது. 2021 ஏப்ரலில் திருத்திய ஒப்பந்தத்தில் அது 67.2 கோடி டாலர், 1,454 வேலை. அடுத்தது, 2022 செப்டம்பரில் வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் குஜராத் அரசோடு 1.54 லட்சம் கோடி ரூபாய்க்குக் கையெழுத்திட்டன. 2023 ஜூலையில் ஃபாக்ஸ்கான் விலகியது. அதே நிறுவனம் வேறு இடங்களில் சொன்னபடி ஆலை கட்டி ஓட்டியும் வருகிறது. அதனால் நிறுவனத்தின் பெயரை வைத்து நம்பவோ நிராகரிக்கவோ கூடாது, படியைத்தான் பார்க்க வேண்டும்.

செமிகண்டக்டர் ஆலை என்றால் முதல் கேள்வி: சிலிக்கான் வேஃபரில் (மெல்லிய வட்டத் தகட்டில்) சிப்பை உருவாக்கும் ஃபேப்பா, வெளியிலிருந்து வரும் வேஃபரை வெட்டி, சோதித்து, உறையிடும் பேக்கேஜிங் ஆலையா? குஜராத்தின் சானந்தில் மைக்ரான் 2023 ஜூனில் அறிவித்தது இரண்டாவது வகை. மொத்தம் 275 கோடி டாலர். ஆனால் மைக்ரான் போடுவது அதிகபட்சம் 82.5 கோடி, பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தைக் குஜராத் அரசும் தருகின்றன. "மைக்ரான் 275 கோடி டாலர் முதலீடு" என்ற தலைப்பில் 70 சதவீதம் நம் வரிப்பணம். இது ரகசியம் அல்ல, நிறுவனத்தின் செய்திக்குறிப்பிலேயே இருக்கிறது. எந்தத் தலைப்பிலும் இடம்பெற வேண்டிய விவரம் இது.

தோலேராவில் டாடா, தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து கட்டுவது ஃபேப். 2024 பிப்ரவரி 29-ல் அமைச்சரவை ஒப்புதல், 91,000 கோடி ரூபாய், மாதம் 50,000 வேஃபர் திறன். இங்கே "திறன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுதாக வளர்ந்த பிறகு எட்டக்கூடிய உச்சம் அது. ஒரு வேஃபரில் எத்தனை சிப் என்பதை நீங்களே கணக்கிடலாம். 300 மில்லிமீட்டர் வேஃபரின் பரப்பு சுமார் 70,700 சதுர மில்லிமீட்டர். 100 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள சிப் என்றால் ஓரத்து இழப்புப் போக சுமார் 640 வரும். 10 சதுர மில்லிமீட்டர் மட்டுமே உள்ள மின்மேலாண்மைச் சிப் என்றால் 6,850 வரை வரும். அதில் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதுதான் ஆலையின் உயிர்நாடி. அந்த விகிதத்தை எந்த நிறுவனமும் எளிதில் வெளியே சொல்லாது. அதனால் "தினம் இத்தனை லட்சம் சிப்" என்று யாராவது எழுதினால், எந்த அளவுச் சிப், எத்தனை சதவீதம் தேறியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடலாம்.

28 நானோமீட்டர் "பழைய" தொழில்நுட்பம் என்று கேலி செய்பவர்களும் அவசரப்படுகிறார்கள். கார், மின்மீட்டர், சார்ஜர், திரை ஓட்டி ஆகியவற்றுக்கு 28 முதல் 110 நானோமீட்டர் வரைதான் வேண்டும். தவிர, நானோமீட்டர் என்பது இன்று அளவே அல்ல, தலைமுறைக்கு வைத்த பெயர். 3 நானோமீட்டர் என்று அழைக்கப்படும் தலைமுறைக்குத் தொழில்துறை வழிகாட்டு வரைபடம் கொடுத்த அளவுகளில், ட்ரான்சிஸ்டர் வாயில்களுக்கு இடைப்பட்ட தூரம் 48 நானோமீட்டர், உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்டது 24. இன்டெல் 2021 ஜூலையில் தன் மேம்படுத்திய 10 நானோமீட்டர் முறைக்கு "இன்டெல் 7" என்று பெயர் மாற்றியது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை ட்ரான்சிஸ்டர் என்பதை எடுங்கள். பெயரில் இருக்கும் எண்ணை விடுங்கள்.

சட்டச் செய்திக்கும் இதே படிக்கட்டுதான். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. அன்றே அமலாகிவிட்டதாக எழுதியவர்கள் உண்டு. வரைவு விதிகள் வந்தது 2025 ஜனவரியில், இறுதி விதிகள் 2025 நவம்பரில். நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். மசோதாவா, சட்டமா, அறிவிக்கையா, விதியா, எந்தப் பிரிவு எந்தத் தேதியில் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பாதுகாப்புச் செய்தி: பயப்படும் முன் பதிப்பு எண்

"கோடிக்கணக்கான கணினிகளுக்கு ஆபத்து" என்று வந்தால் முதலில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். அந்தப் பதிவில் நான்கு விஷயம்: பாதிக்கப்படும் பதிப்புகள், திருத்தப்பட்ட பதிப்பு, தாக்குபவர் இணையம் வழியே வர முடியுமா, அவருக்குக் கணக்கோ பயனரின் ஒரு சொடுக்கோ தேவையா. பிறகு அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா நடத்தும் "ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகள்" பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே திருத்த வேண்டும்.

10-க்கு 10 என்ற தீவிர மதிப்பெண் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு உதாரணங்களை அருகருகே வைக்கலாம். 2021 டிசம்பரில் வந்த லாக்4ஜே ஓட்டைக்கு மதிப்பெண் 10. அந்த ஜாவா நூலகம் எண்ணற்ற மென்பொருள்களின் வயிற்றுக்குள் இருந்தது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பல நிறுவனங்களுக்கு மாதக்கணக்கான வேலையானது. முதல் திருத்தமான 2.15.0 முழுமையாக இல்லாமல் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று தொடர்ந்து வந்தன. "திருத்தம் வந்துவிட்டது" என்று முதல் நாள் எழுதி நிறுத்தியவர்கள் வாசகர்களை நடுவழியில் விட்டார்கள். 2024 மார்ச் 29-ல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிக்கொணர்ந்த, லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் ஒளித்திருந்த பின்கதவுக்கும் மதிப்பெண் 10. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமானதை விடாமல் துருவியதில் கிடைத்த கண்டுபிடிப்பு அது. ஆனால் பாதிப்பு 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கு மட்டும். டெபியன் லினக்ஸின் நிலையான வெளியீட்டுக்கு அவை போய்ச் சேரவில்லை. பெரும்பாலானோர் செய்ய வேண்டியிருந்தது பதிப்பு எண்ணைப் பார்ப்பது மட்டுமே.

கடவுச்சொல் கசிவுச் செய்தியில் கேட்க வேண்டியது: புதிய கசிவா, பழையதன் தொகுப்பா? 2025 ஜூனில் வந்த "1,600 கோடி கடவுச்சொற்கள்" செய்தியில் ஆப்பிளோ கூகுளோ உடைக்கப்படவில்லை. தகவல் திருடும் தீநிரல்கள் தனித்தனிக் கணினிகளில் இருந்து சேகரித்த பட்டியல்களின் கூட்டு அது, ஒன்றே பலமுறை வரவும் கூடும். அதற்காக அலட்சியம் வேண்டாம். முதலில் கணினியைத் தீநிரல் சோதனை செய்து, அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். தீநிரல் உள்ளே இருக்கும்போதே மாற்றினால் புதியதும் போய்விடும்.

பெரிய முடக்கம் நடக்கும்போது முதல் மூன்று மணி நேரத்தில் காரணம் எழுதாதீர்கள். 2024 ஜூலை 19-ல் விமான நிலையங்களும் வங்கிகளும் நின்றபோது சைபர் தாக்குதல் என்றே பலர் எழுதினார்கள். உண்மையில் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்புக் கோப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள். கோப்பு வெளியேறியது உலகப் பொது நேரம் 4:09, திரும்பப் பெற்றது 5:27. நம் நேரத்தில் காலை 9:39, 10:57. அதாவது நம் அலுவலகங்கள் திறக்கும் நேரத்தில் கோப்பு கிளம்பியது. பலர் கணினியைத் தொடும் முன்பே அது திரும்பப் பெறப்பட்டும் விட்டது. ஆனால் விழுந்த கணினிகள் தானாக எழவில்லை. பலவற்றைப் பாதுகாப்பு முறையில் திறந்து கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் அதற்கான மீட்புச் சாவியும் வேண்டும். நேர மாற்றத்தை எப்போதும் செய்துகொள்ளுங்கள்: உலகப் பொது நேரத்தோடு 5:30 கூட்டுங்கள், கலிஃபோர்னியா நேரத்தோடு கோடையில் 12:30, குளிர்காலத்தில் 13:30.

அறிவியல் அதிரடி என்றால் பொறுமையே சரியான கருவி. 2023 ஜூலை 22-ல் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பத்தில் மீகடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) என்று அச்சுக்கு முந்தைய கட்டுரை வந்தது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட உலகின் பல ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்தன, மீகடத்தல் வரவில்லை. மின்தடை திடீரென விழுந்ததற்குக் காரணம், கலப்படமாக இருந்த செம்பு சல்ஃபைடு 104 டிகிரி செல்சியஸ் அருகே உருமாறுவது என்று ஆகஸ்ட் நடுவில் தெளிவானது. மூன்றே வாரம். பிற குழுக்கள் திரும்பச் செய்து பார்க்கும்வரை "கூறுகிறார்கள்" என்பதைத் தாண்டாமல் இருப்பதே போதுமான எச்சரிக்கை.

செய்திகளை வரவழைக்கும் ஏற்பாடு

சமூக ஊடக ஓட்டத்தை நம்பினால் பரபரப்பானது மட்டும்தான் கண்ணில் படும். ஃபீட்லி, இன்னோரீடர், தண்டர்பேர்டு ஏதாவது ஒரு செயலியில் ஆர்எஸ்எஸ் ஓடைகளை (தளத்தில் புதிதாக வருவதைத் தானாகக் கொண்டுவருபவை) சேருங்கள். இருபதுக்கு மேல் வேண்டாம், படிக்க முடியாது. அதில் பாதி மூல ஆவணங்கள் வரும் இடங்களாக இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம், அவ்வளவு போதும். ஆர்எஸ்எஸ் இல்லாத தளங்களுக்கு கூகுள் அலர்ட்டில் நிறுவனத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு வையுங்கள். குறி போடாவிட்டால் சம்பந்தமில்லாதவை குவியும்.

உங்கள் கருத்தை எழுதும்போது

முதல் பத்தியில் ஆவணம் சொல்வது. அதற்குப் பிறகு நீங்கள் ஊகிப்பது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். மூல ஆவணத்தின் இணைப்பையும் நீங்கள் பார்த்த தேதியையும் போடுங்கள். தவறு தெரியவந்தால் பழைய வரியை அழிக்காமல் அடித்துவிட்டு, கீழே தேதியோடு திருத்தம் எழுதுங்கள். செய்தியில் இருக்கும் நிறுவனத்தின் பங்கு உங்களிடம் இருந்தால், அல்லது கருவியை இலவசமாகத் தந்திருந்தால், அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கணிப்புச் சொல்வதாக இருந்தால் ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நெடுவரிசை போதும்: எழுதிய தேதி, கணிப்பு, எத்தனை சதவீத நம்பிக்கை, சரிபார்க்கும் தேதி, முடிவு. மதிப்பெண் போடுவது சுலபம். நம்பிக்கையைத் தசமமாக எடுத்து, நடந்திருந்தால் 1-லிருந்தும் நடக்காவிட்டால் 0-விலிருந்தும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 70 சதவீதம் என்று சொல்லி நடந்தால் 0.09, நடக்காவிட்டால் 0.49. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று சொல்பவருக்கு எப்போதும் 0.25. உங்கள் சராசரி 0.25-ஐவிடக் குறைவாக இல்லையென்றால் உங்கள் கணிப்பு காசு சுண்டுவதைவிட மேலல்ல. டொயோட்டா 2017-ல், திட மின்பகுளி பேட்டரி 2020-களின் தொடக்கத்தில் வரும் என்றது; 2023-ல் அதே நிறுவனம் 2027-28 என்றது. நிறுவனங்கள் சொல்லும் தேதிகளையும் இதே விரிதாளில் ஏற்றினால், யாருடைய தேதிக்கு எத்தனை ஆண்டு கூட்ட வேண்டும் என்பது காலப்போக்கில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதில் பலர் கோட்டை விடுவது கணிப்பின் வரையறையில். "தோலேரா ஆலை 2027-க்குள் தொடங்கும்" என்று எழுதினால், அடுத்து எது நடந்தாலும் நீங்கள் சரி என்று வாதாடலாம், தவறு என்றும் வாதாடலாம். திறப்பு விழா தொடக்கமா, முதல் சோதனை வேஃபரா, விற்பனையா? எழுதும்போதே முடிவு செய்யுங்கள்: "2027 டிசம்பர் 31-க்குள், வாடிக்கையாளருக்குக் கட்டணத்துக்குச் சிப் அனுப்பியதாக நிறுவனத்தின் அறிவிப்பிலோ பிஐபி குறிப்பிலோ பதிவாகியிருக்க வேண்டும்." சரிபார்க்கும் தேதியை மொபைல் காலண்டரில் நினைவூட்டலாகப் போட்டுவிட்டு, அடுத்த செய்திக்குப் போங்கள்.